கொடிமரத்தடியில் நின்றவர்

பீவர் முனை
நியூ பிரன்சுவிக்
6 நவம்பர் 1809

தம்பி ஜோதமுக்கு,

அக்கா ஹல்டா எழுதுவது. என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. நீ பள்ளிக்கூடம் போன வருஷங்களில் உன் பங்கு மாடுகளையும் சேர்த்து மேய்த்தவளுக்கு எழுத்து இவ்வளவுதான் வரும்.

உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, பாதி அழுகல். பன்றியை இன்னும் அறுக்கவில்லை. அறுக்க வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். என் பேரன் ஜேபஸ் உன் ஊர்ச் சிறையில், நீ தினமும் படியேறிப் போகும் நீதிமன்றத்துக்கு நேர் கீழே கிடக்கிறான். செய்தி எனக்கு முன்பே உனக்கு வந்திருக்கும். வந்தும் நீ ஒரு வரி எழுதவில்லை. அதை நான் மறக்கமாட்டேன், ஆனால் அதைப் பேச இது நேரமில்லை.

நடந்ததை நீ உன் ஆட்கள் வாயால் கேட்டிருப்பாய். அவர்கள் உனக்குப் பிடித்த மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் விடுதிக்காரர் மெரிட்டின் மனைவியிடம் கேட்டதை எழுதுகிறேன். நீ சட்டசபைக்கு நின்ற தேர்தலன்று அவர்கள் வாசலில் மேடை போட்டிருந்தது. ஒவ்வொருவனாக மேலே ஏறி, யாருக்கு ஓட்டு என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். ஜேபஸுக்குப் பத்தொன்பது வயதுதான், ஓட்டில்லை. உன் செலவில் வந்த ரம் பீப்பாயைக் காவல் காக்கப் போனான். அதில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்று நீ பார்த்திருக்கவேண்டும். சட்டையை நான் இரண்டு தடவை துவைத்துக் கொடுத்தேன்.

கூம்ஸ் வீட்டு மூத்தவன் எஃப்ரெய்ம் மேடை ஏறினான். செத்துப்போன அவன் அப்பன் உன் படைப்பிரிவிலேயே இருந்தவன், நியூ ஜெர்சியில் நம் ஊர்க்காரன், உனக்கு நினைவிருக்கும். எஃப்ரெய்ம் சொன்னது இது: "கேப்டன் ஃப்ரேஸிக்கு என் ஓட்டு கெடையாது. கொடிமரத்தடியில நின்னேன் நின்னேன்னு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் சொல்றாரு. எங்கப்பன் அன்னிக்கு அங்க இருந்தாரு. நின்னது வேற ஆளு. இவரு ரெண்டு முட்டியும் சேத்துல. அந்த வம்சத்துக்கே முட்டி தானா மடங்கும்."

ஜேபஸ் பீப்பாயை விட்டு எழுந்து வந்து, "எங்க ஜட்ஜ் தாத்தாவப் பத்திச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு பாப்போம்" என்றிருக்கிறான்.

"அதுக்கென்ன, ஒரு கோப்பை ஊத்து. பாட்டாவே பாடுறேன்."

எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்காமல் இருந்திருந்தால் இவன் அடித்திருக்கமாட்டான். வண்டியின் பக்கக் கம்பை உருவி ஒரே அடி. எஃப்ரெய்ம் படிக்கல்லில் தலை மோத விழுந்தான். மறுநாள் செத்துப்போனான்.

ஜோதம், என் மகள் பீபி போய்விட்டாள், அவள் புருஷனை ஆற்றில் மிதத்தும் மரங்கள் நசுக்கிக் கொண்டுபோய்விட்டன. இந்த ஒருவனைத்தான் வைத்திருக்கிறேன். அவன் அடித்தது உன் பேருக்காக. அவனை உயிரோடு எனக்குத் திருப்பிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் நான் இதுவரை கேட்டதில்லை.

அக்கா,
ஹல்டா வான் நெஸ்


கிங்ஸ்லி துறை
19 நவம்பர் 1809

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் எழுதாததற்கு மனமில்லாதது காரணமல்ல. விசாரிக்கப்போகிற நீதிபதி கைதியின் வீட்டாருக்குக் கடிதம் எழுதுவது முறையல்ல. இப்போது எழுதுவதும் முறையல்ல. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

தலைமை நீதிபதி காய்ச்சலில் படுத்திருக்கிறார். நான் விலகிக்கொண்டால் வழக்கு அடுத்த ஆண்டுக்குப் போகும், குளிர்காலம் முழுக்க அந்தக் கீழறையில் பையன் பிழைக்கமாட்டான். ஆகவே நானே அமர்கிறேன். எனக்கு வேண்டாதவர்கள் இதை வைத்து என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆளுநரின் ஆலோசனை சபைக்கு என் பெயர் போயிருக்கிற நேரம் இது. இருந்தும் அமர்கிறேன்.

நடப்பது இப்படியாக இருக்கும். கோபத்தில் நேர்ந்த சாவு, திட்டமிட்ட கொலையல்ல என்று ஜூரிகள் சொல்வார்கள். அதற்கும் சட்டப்படி தூக்குதான். ஆனால் முதல்முறை குற்றம் செய்தவனுக்கு ஒரு பழைய சலுகை உண்டு. "உன்மேல் மரண தண்டனை சொல்லக்கூடாது என்பதற்கு உன்னிடம் காரணம் ஏதும் உண்டா" என்று எழுத்தர் கேட்கும்போது, அவன் மண்டியிட்டு அந்தச் சலுகையைக் கேட்கவேண்டும். கேட்டால் கட்டைவிரல் சதையில் சூட்டுக்கோலால் ஒரு அடையாளம் போட்டு அனுப்பிவிடுவோம். ஒரு நிமிட வேதனை, அவ்வளவுதான். நின்றுகொண்டே இருந்தால் எனக்கு வேறு வழி கிடையாது. மண்டியிடுவதையும் கேட்பதையும் அவனே செய்யவேண்டும், அவனுக்காக வேறொருவர் செய்ய முடியாது.

சிறைக்காவலர் மூலம் இதைச் சொல்லியனுப்பினேன். பையன் முடியாது என்றானாம். அவனுக்குப் புத்தி சொல்லுங்கள். தாங்கள் வளர்த்த பிள்ளை, தாங்கள் சொன்னால் கேட்பான்.

தங்கள் தம்பி,
ஜோதம் ஃப்ரேஸி


பீவர் முனை
15 டிசம்பர் 1809

தம்பி ஜோதமுக்கு,

ஆறு உறைந்ததும் மெரிட்டின் சறுக்குவண்டியில் ஏறி வந்தேன். உன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் சிறைக்குப் போனேன். சன்னலில் உன் மனைவி தெரிந்தாள், திரையை இழுத்துவிட்டாள். அதுவும் இருக்கட்டும்.

ஜேபஸ் இளைத்திருக்கிறான். சிறைக்காவலர் மனைவி நல்லவள், கஞ்சியில் ஒரு துண்டு மாமிசம் போடுகிறாள். கொண்டுபோன கம்பளி உறைகளைக் கையில் மாட்டிவிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தேன்.

"ஏம்ப்பா, ஒரு நிமிஷம் முட்டி போட்டா உசுரு தப்பிக்குதாமே. பூமி என்ன சுடுதா?"

"பாட்டி, அத மட்டும் பேசாத."

"ஏன், சர்ச்சுல முட்டி போடுறதில்லையா நீ?"

"அது கடவுளுக்கு. அந்த மேடையில உக்காந்திருக்கிறவரு தார்ச்சட்டி கொதிக்கும்போதும் நின்னவரு. அவருக்காக ஒருத்தன அடிச்சிட்டு, அவரு முன்னாடியே நான் முட்டி போட்டேன்னா, செத்தவன் சொன்னது மெய்யாயிடும். அந்த வம்சத்துக்கு முட்டி தானா மடங்கும்னு ஊரே சொல்லும். அதுக்கு நான் தொங்கிட்டுப் போறேன்."

"தொங்குறது என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"நிக்கறது என்னன்னு தெரியும். ஜட்ஜ் தாத்தா சொல்லிக்குடுத்திருக்காரு."

கேட்டாயா ஜோதம். உன் வீட்டுக் கணப்பு முன்னால் மடியில் உட்காரவைத்து நீ சொன்ன கதை. உன் பிள்ளைகளுக்குச் சொல், எனக்கென்ன. என் பேரனுக்கு ஏன் சொன்னாய்? அவன் வீட்டில் ஒரு விதவை இருந்தாள், அந்தக் கொடிமரத்தைக் கண்ணால் பார்த்தவள்.

நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் மழையும் பனியும் கலந்து பெய்த காலை. பீபி என் இடுப்பில். ராஜாவுக்கு எதிரான கமிட்டிக்காரர்கள் உன்னையும் என் புருஷன் கார்னீலையும் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். அவர்களுடைய கொடிமரத்தடியில், மேலே ஊற்றிவிடுவோம் என்று மிரட்ட, தார் கொதித்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, ராஜாவுக்கு விசுவாசமாக இருந்தது பாவம், மன்னிக்கவேண்டும் என்று சொல்லச் சொன்னார்கள். நீ மண்டியிட்டாய். அவர்கள் கொடுத்த தாளைப் பிசகில்லாமல் வாசித்தாய், உனக்குத்தான் பள்ளிக்கூடம் உண்டே. கார்னீல் நின்றான். தோளைப் பிடித்து அமுக்கியும் நின்றான். சட்டையைக் கழற்றி, வேலிக்கட்டையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள், பிறகு பனியில் போட்டுவிட்டுப் போனார்கள். நெஞ்சில் சளி கட்டி, கிறிஸ்துமஸ் பார்க்காமல் செத்தான்.

நீ மண்டியிட்டதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இருபத்து நாலு வயதுப் பிள்ளை, பக்கத்தில் தார் கொதிக்கிறது, யார்தான் மண்டியிடமாட்டார்கள். கார்னீலும் மண்டியிட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ ராத்திரி அவனைத் திட்டியிருக்கிறேன். நீ மண்டியிட்டதல்ல என் கறுவல். அவன் நின்றதை நீ எடுத்துக்கொண்டாயே, அதுதான்.

இப்போது உன்னால் ஆகிற காரியம் ஒன்றுதான். உன் வீட்டிலிருந்து சிறைக்கு ஒரு தெரு தூரம். போ. அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்து, "நான் மண்டியிட்டேன், அதனால் உயிரோடு இருக்கிறேன், நீயும் மண்டியிடு" என்று சொல். வெளியே யாருக்கும் தெரியவேண்டாம். அவன் காதில் மட்டும் சொல். அவன் மண்டியிடுவான்.

ஹல்டா


கிங்ஸ்லி துறை
27 டிசம்பர் 1809

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். ஒரு பீப்பாய் மாவும் ஒரு மூட்டை உப்பும் மெரிட்டின் வண்டியில் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பவேண்டாம்.

தாங்கள் எழுதியதை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அந்தக் காலையை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அது ஒருநாளும் என்னை விட்டுப் போனதில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்டேட்டன் தீவுக்கு ஓடிப்போய் ராஜாவின் படையில் சேர்ந்து பச்சைக் கோட்டு மாட்டினேன். ஏழு வருஷம். இடுப்பில் இன்னும் குண்டு இருக்கிறது, மழைக்காலத்தில் படியேற முடிவதில்லை. ராஜா தோற்றபின் நம் ஆட்களைக் கப்பலேற்றி இந்த ஆற்றுக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். முதல் குளிர்காலத்தில் கூடாரத்தில் இறந்த என் மூத்த மகளைப் புதைத்தேன். இந்த மாவட்டத்தில் ஒரு வேலித் தகராறுக்குக்கூடச் சட்டம் சொல்ல ஆளில்லாத நாளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சட்டம் படித்து, சொன்னேன். இத்தனையும் சேர்ந்து ஒரு காலையை அழிக்காதா?

கதையை நான் கட்டவில்லை அக்கா. முதல் தேர்தலில் கூட்டத்தில் ஒருவன், "கொடிமரத்தடியில நின்னது நீங்கதான கேப்டன்?" என்று கத்தினான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தொப்பியை மட்டும் தூக்கினேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அடுத்த தேர்தலில் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கடுத்த தேர்தலில் எனக்கே அப்படித்தான் நடந்ததுபோல இருந்தது.

பையனிடம் சொல்லச் சொல்கிறீர்கள். சிறைச் சுவர்கள் பலகை. காவலர் கேட்பார், அவர் மனைவி கேட்பாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் மாவட்டம் கேட்கும். செத்தவன் சொன்னது உண்மை என்று நீதிபதியே ஒப்புக்கொண்டால் அந்த விசாரணை என்னவாகும்? என் இருக்கை என்னவாகும்? ஆளுநரின் செயலாளர், மன்னருக்காக நான் பட்ட பாடுகளைக் குறித்து இந்த மாதம்தான் எழுதி வாங்கிப்போனார்.

கவலைப்படாதீர்கள். பையன் சாகமாட்டான். வேறு வழி பார்க்கிறேன்.

ஜோதம்


பீவர் முனை
9 ஜனவரி 1810

ஜோதம்,

மாவைத் திருப்பி அனுப்பவில்லை. மெரிட்டின் மனைவியிடம் கொடுத்துவிட்டேன், அவளுக்குப் பிள்ளைகள் அதிகம்.

கேட்டாய், அத்தனையும் சேர்ந்து அந்தக் காலையை அழிக்காதா என்று. அழிக்கும். நீ சண்டை போட்டதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் மகளைப் புதைக்க மண் இறுகிக் கிடந்தபோது கடப்பாரை பிடித்தவள் நான். உனக்கு ஏழு வருஷம் இருந்தது, கோட்டு இருந்தது, ராஜா கொடுத்த ஆற்றோரப் புல்தரை இருந்தது, எனக்குக் கிடைத்த கல்லும் ஊசிமரமும் உனக்கு வாய்க்கவில்லை, நீதிமன்றம் இருந்தது, சட்டசபை இருந்தது. கார்னீலுக்கு அந்த ஒரு காலைதான் இருந்தது. அதைத்தான் நீ தொப்பியைத் தூக்கி வாங்கிக்கொண்டாய்.

நீ போகமாட்டாய் என்று தெரிந்ததும் நானே மறுபடி போனேன். நானே சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை. அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பாட்டி, நீ ஜட்ஜ் தாத்தாவ எப்பத்தான் நல்லதாச் சொல்லியிருக்க? அவங்க வீட்டுப் பசு நம்ம வீட்டுப் பசுவவிடப் பால் கறந்தாக்கூட உனக்கு ஆகாது."

"நான் அங்க இருந்தேன்டா. உங்கம்மா என் இடுப்புல இருந்தா."

"எனக்கு உசுரு வேணும்னு நீ எதையும் சொல்லுவ. அவரே வந்து சொல்லட்டும், நம்புறேன்."

இதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. அவரே வந்து சொல்லட்டும், நம்புறேன். இதைவிட லேசாக யாரும் உன்னிடம் ஒரு உயிரைக் கேட்கமாட்டார்கள்.

வேறு வழி என்று எழுதியிருந்தாய். என்ன வழி? நெஞ்சுவலி எனக்கு அதிகமாகிவிட்டது, விசாரணைக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. போய்ச் சொல் ஜோதம். நம் அம்மா உனக்குச் சோறூட்டும்போது என்னைத்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். அந்தக் கையால் எழுதிக் கேட்கிறேன்.

அக்கா


கிங்ஸ்லி துறை
8 பிப்ரவரி 1810

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நல்ல செய்தி. ஜேபஸ் உயிரோடு இருக்கிறான். விசாரணை நேற்று முடிந்தது. நான் எதிர்பார்த்த தீர்ப்பையே ஜூரிகள் சொன்னார்கள். எழுத்தர் கேள்வி கேட்டபோது பையன் முதலில் தயங்கினான். நான் முன்பே ஷெரிஃபிடம் சொல்லி வைத்திருந்தேன். காவலர்கள் அவனுக்கு உதவினார்கள். அவன் மண்டியிட்டான், உதடு அசைந்தது, சலுகை கேட்கப்பட்டதாக எழுத்தர் எழுதிக்கொண்டார். சூட்டுக்கோல் அங்கேயே வைக்கப்பட்டது. நான் நேரத்தைக் குறைக்கச் சொன்னேன். பையன் முனகவில்லை, அதற்காகத் தாங்கள் பெருமைப்படலாம். காயத்துக்கு என் மனைவி களிம்பு கொடுத்தனுப்பினாள்.

தீர்ப்புரையில் இறந்தவன் சொன்னவற்றைக் குறித்து நான் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருந்தது. வேறு விதமாகச் சொல்ல முடியாத நிலை, புரிந்துகொள்வீர்கள்.

தாங்கள் கேட்டது ஒரு உயிர். கொடுத்துவிட்டேன். இனி நமக்குள் பழைய கணக்கு எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். ஜூன் நான்காம் தேதி மன்னரின் பிறந்தநாள் விருந்தில் நான் ஆலோசனை சபையில் சேர்க்கப்படுவது அறிவிக்கப்படும். அந்தக் காலையில் கொடிமரத்தடியில் இருந்த நம் ஆட்களில் இப்போது மிச்சம் இருப்பவர் தாங்கள் ஒருவரே. ஆளுநர் தங்களைப் பார்க்க விரும்புகிறார். என் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எதுவும் பேசவேண்டாம். வண்டி அனுப்புகிறேன். உடைக்குத் துணியும் அனுப்புகிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
ஜோதம்


பீவர் முனை
5 ஜூன் 1810

ஜோதம்,

துணி வந்தது, நல்ல துணி. வண்டியும் நேற்றுக் காலை வந்தது. வண்டிக்காரனுக்குக் குடிக்கக் கொடுத்து, கூம்ஸ் வீட்டுக்குப் போ என்றேன். "அம்மா, ஜட்ஜ் ஐயா வீடு தெற்கால இருக்கு" என்றான். "தெரியும், நீ வடக்கால ஓட்டு" என்றேன். ஆகவே உன் பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருந்தது என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஜேபஸைப் பற்றிச் சொல்கிறேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

காவலர்கள் உதவினார்கள் என்று எழுதியிருந்தாய். சிறைக்காவலர் மனைவி கதவருகில் நின்று பார்த்தவள், மார்ச் மாதம் இந்தப் பக்கம் வந்தபோது சொன்னாள். இரண்டு பேர் தோளில் தொங்கினார்களாம். ஒருவன் பின்னாலிருந்து முட்டியில் உதைத்தானாம். ஜேபஸ் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து எழுந்து, மேலே உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். நீ ஜன்னலைப் பார்த்தாயாம். கடைசியில் ஒருவன் அவன் கழுத்தில் கால் வைத்தான், எழுத்தர் எழுதிக்கொண்டார். உதடு அசைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, "பாரு, எஃப்ரெய்ம் சொன்னது சரிதான்" என்றானாம். அப்புறம் நீ தீர்ப்புரையில், செத்தவன் சொன்னது வெட்கக்கேடான பொய், ஒரு மானமுள்ள மனிதன்மேல் வீசிய சேறு என்றாய். அவனைப் பெற்றவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஜேபஸ் வீட்டுக்கு வந்தான். உயிரோடுதான் வந்தான், நீ சொன்னது பொய்யில்லை. விறகு பிளந்தான், கூரை ஒழுகினதை அடைத்தான், மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்தான். பேச்சு மட்டும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இடது கை மேசைக்குக் கீழே போய்விடும். மெரிட்டின் மனைவி ரொட்டி கொண்டுவந்தாள், கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான். பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததும் மரம் மிதத்துகிறவர்களோடு கிளம்பினான். எல்லை தாண்டி மேய்ன் பக்கம் போகிறானாம், அமெரிக்கக் குடியரசுக்காரர்களிடம். எந்தக் கூட்டம் அவன் தாத்தாவைக் கொன்றதோ அங்கே. படகுத்துறை வரைக்கும் கூடவே நடந்தேன்.

"அங்க எதுக்குடா? இங்க என்ன கொறச்சல் உனக்கு?"

"இங்க ஜட்ஜ் தாத்தா இருக்காரு. அவரு நின்னாரு, நான் விழுந்துட்டேன். இந்த வெரலோட அவர் கண்ணுல நான் பட முடியாது பாட்டி."

"அடேய், அவன்தான் உன்ன அமுக்கச் சொன்னான்."

"என்னக் காப்பாத்தச் சொன்னாரு. நான் அவர அசிங்கப்படுத்திட்டேன், அப்பவும் காப்பாத்தினாரு."

அங்கேயே, ஆட்கள் காத்திருக்க, கார்னீலைப் பற்றி மறுபடி சொன்னேன். அவன் என் தோளில் கைவைத்தான், நல்ல கையை.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீ அவர் மேல பழி போடாத. வயசான காலத்துல உனக்கு அவரு ஒருத்தர்தான் ஒறவு."

இதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. புரிகிறதா ஜோதம்? அவன் உன்னை வெறுத்துப் போயிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும். உன்னைக் கும்பிட்டுக்கொண்டே போயிருக்கிறான். நீ ஒரு தெருவைக் கடந்து அரை நாழிகை அவன் எதிரில் உட்கார்ந்திருந்தால், தானே மண்டியிட்டு, தழும்போடு, என் வீட்டில் என் மேசையில் ரெண்டு கையையும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நீ எனக்குக் கொடுத்தது உயிர்தான். கேட்டபோது அதற்குள் பிள்ளையும் இருப்பான் என்று நினைத்துவிட்டேன்.

அவன் போனபிறகு நிறைய நாள் யோசித்தேன். அவன் என்னை நம்பமாட்டான். உன்னை என்னால் பேசவைக்க முடியாது. ஆனால் நம்ப வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தி இருந்தாள்.

எஃப்ரெய்மைப் பெற்ற டார்கஸ் கூம்ஸ் வாசலில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். உன் வண்டியைப் பார்த்ததும் எழுந்தாள், இறங்குவது நான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டாள்.

"உன் பேரனுக்கு வெரல் ஆறிடுச்சாமே. என் பிள்ள மேல புல்லு மொளைச்சிருச்சு. பாக்க வந்தியா?"

"இல்ல. ஒண்ணு சொல்ல வந்தேன். உம்மகன் பொய் சொல்லல. நியூ ஜெர்சியில அந்தக் கொடிமரத்தடியில நான் நின்னு பாத்தேன். நின்னது என் புருஷன். முட்டி போட்டது என் தம்பி. உன் வீட்டுக்காரரு பாத்தது மெய், உம்மகன் சொன்னது மெய்."

மத்தைக் கீழே வைத்தாள். "கோர்ட்டுல என் காது கேக்க அவனப் பொய்யன்னு சொன்னாங்க" என்றாள்.

"தெரியும்."

"அந்த அடிய வாங்கினதும் அவன், பொய்யன்ற பேர வாங்கினதும் அவன்."

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. கொட்டகைப் பக்கம் திரும்பி இரண்டாவது மகனைக் கூப்பிட்டாள். "இன்னொரு தடவ சொல்லு. இவனும் கேக்கட்டும்." சொன்னேன். அவன் போய்ப் பக்கத்துப் பண்ணைக்காரனையும் அவன் மனைவியையும் கூட்டிவந்தான். அவர்களுக்கும் சொன்னேன். மன்னர் பிறந்தநாள் அணிவகுப்பு முடிந்து ஆண்கள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சாலையில்தான் திரும்பி வருவார்கள், உனக்குத் தெரியுமே. வேலியோரம் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். டார்கஸ் ஒன்றும் விளக்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டினாள், அவ்வளவுதான். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மழை, பனி, தார், கமிட்டிக்காரன் மீசை நிறம் வரைக்கும்.

உன்னோடு படையில் இருந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க ஜட்ஜ் ஐயாவுக்குக் கூடப்பொறந்த அக்காதானே?"

"அக்காதான்."

"அப்ப எதுக்கும்மா இத்தன வருஷம் கழிச்சு?"

"என் பேரன் நம்பல. நீங்களாச்சும் நம்புறீங்களான்னு பாக்கிறேன்."

அந்தி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டிவிட்டது, அதனால் இன்று எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் செய்தி உன் வாசலுக்கு வந்திருக்கும். வண்டிக்காரனைத் திட்டாதே, அவன் ஓட்டச் சொன்ன பக்கம் ஓட்டினான். துணியை டார்கஸிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் வேண்டாம் என்றாள், அதனால் அது அவள் வேலியில் கிடக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

பதில் எழுதவேண்டாம். நான் பிரிக்கமாட்டேன். நாளைக்கு மாவு அரைக்க ஆலைக்குப் போகிறேன். புதன்கிழமைகளில் அங்கே கூட்டம் அதிகம்.

கார்னீல் வான் நெஸ்ஸின் மனைவி,
ஹல்டா